பெரிய எழுத்து, சின்ன எழுத்து பாராமல் குவெரி ரிசல்டை வரிசைப்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவெரியில் 'ஆர்டர் பை' போட்டும் பட்டியல் சரியாக வரவில்லை, ஸீப்ரா மேலே நிற்கிறது, ஆப்பிள் கீழே கிடக்கிறது என்று குழம்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், கொஞ்சம் மாங்கோடிபி என எல்லாவற்றையும் தொட்டிருக்கிறேன். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்கள் எல்லாம் ஏன் முன்னால் போய் நிற்கின்றன?

டேட்டாபேஸ் அங்கே எழுத்தைப் பார்க்கவில்லை, எழுத்துக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பார்க்கிறது. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பழைய முறையான ஆஸ்கியில் பெரிய ஏ-யின் எண் 65, பெரிய இஸட்டின் எண் 90. சின்ன ஏ 97-இல் தொடங்கி, சின்ன இஸட் 122-இல் முடிகிறது. 1963-இல் வந்த முதல் ஆஸ்கியில் சின்ன எழுத்தே கிடையாது. 1967 திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. ஒவ்வொரு பெரிய எழுத்துக்கும் அதன் சின்ன ஜோடிக்கும் இடையே சரியாக 32 வித்தியாசம், அதாவது ஒரே ஒரு பிட். ஒன்றை மற்றொன்றாக மாற்ற இது வசதி. வரிசைப்படுத்தத்தான் தொல்லை.

ஒரு டேபிளில் நான்கு சொற்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆல்பாவும் டெல்டாவும் சின்ன எழுத்தில் தொடங்குகின்றன. பீட்டாவும் காமாவும் பெரிய எழுத்தில். ஆங்கில அகர வரிசைப்படி நமக்கு வேண்டியது ஆல்பா, பீட்டா, டெல்டா, காமா. எண்ணை மட்டும் ஒப்பிடும் டேட்டாபேஸ் தருவது பீட்டா, காமா, ஆல்பா, டெல்டா. உற்றுப் பார்த்தால் இது ஒரு பட்டியல் இல்லை, ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிய இரண்டு பட்டியல்கள். உங்கள் ரிசல்டிலும் இப்படி நடுவில் ஓர் இடத்தில் எழுத்து வரிசை மறுபடி ஏ-யிலிருந்து தொடங்கினால், பிரச்சினை இதுதான்.

உடனே சரி செய்ய என்ன வழி?

வரிசைப்படுத்தும் இடத்தில் நெடுவரிசையை, எழுத்தையெல்லாம் சின்னதாக்கும் லோயர் ஃபங்ஷனுக்குள் போடுங்கள்:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர்கள் ஆர்டர் பை லோயர்(பெயர்)

மேலே சொன்ன எல்லா எஸ்க்யூஎல் டேட்டாபேஸிலும் இது ஓடும். ஒப்பிடுவதற்கு மட்டும்தான் சின்ன எழுத்து. திரையில் வருவது டேபிளில் இருக்கும் அதே பெயர்தான், பெரிய எழுத்து பெரிய எழுத்தாகவே வரும். செலக்ட் பகுதியிலும் லோயர் போட வேண்டும் என்று நினைத்து, பெயர்களையெல்லாம் சின்ன எழுத்தாக்கிக் காட்டுபவர்கள் உண்டு. அது தேவையில்லை.

ஒருமுறை ஓட்டிப் பார்க்கும் குவெரிக்கும், சில ஆயிரம் வரிகள் உள்ள டேபிளுக்கும் இதுவே போதும். மேலே படிக்காமல் போனாலும் குற்றமில்லை. ஆனால் ஒரே நெடுவரிசைக்கு ஐந்தாறு இடங்களில் லோயர் போட்டுக்கொண்டே போகிறீர்கள் என்றால், முடிவை எடுக்க வேண்டிய இடம் குவெரி இல்லை, நெடுவரிசை. அதற்குத்தான் கொலேஷன்.

லோயரா, அப்பரா? எதைப் போட்டாலும் ஒன்றுதானே?

எழுத்துகளுக்கு மட்டும் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுதான். இடையில் இருக்கும் குறிகளுக்கு இல்லை. 90-க்கும் 97-க்கும் நடுவே ஆறு இடங்கள் இருக்கின்றன: சதுர அடைப்புக்குறிகள் இரண்டு, பின்சாய்வு, கூரைக்குறி, அடிக்கோடு, பின்சாய்ந்த மேற்கோள். அடிக்கோட்டின் எண் 95. எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் அப்பரைப் போட்டால் எழுத்தெல்லாம் 65 முதல் 90 வரை போய்விடும், அடிக்கோடு அவற்றுக்குப் பின்னால் வரும். லோயர் போட்டால் எழுத்தெல்லாம் 97-க்கு மேல், அடிக்கோடு முன்னால் வரும். கோப்புப் பெயர், பயனர் பெயர் போன்றவற்றில் அடிக்கோடு நிறைய வருமாதலால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். எண்ணைக் கொண்டே ஒப்பிடும் டேட்டாபேஸுக்குத்தான் இந்தக் கதை. மொழியறிந்த கொலேஷன் இருந்தால் குறிகளின் இடத்தை அது தன் விதிப்படி வைத்துக்கொள்ளும்.

எதை எடுத்தாலும் எல்லா இடத்திலும் அதையே எடுங்கள். வேகமாகத் தேட முன்கூட்டியே அடுக்கி வைக்கும் இண்டெக்ஸில் அப்பர், குவெரியில் லோயர் என்றால் அந்த இண்டெக்ஸ் வீண்.

கொலேஷன் என்றால் என்ன?

இரண்டு சரங்களில், அதாவது எழுத்துத் தொடர்களில், எது முன், எது பின், எவை சமம் என்று தீர்மானிக்கும் விதித் தொகுப்பு. எழுத்துகளை எப்படிச் சேமிப்பது என்பது யூடிஎஃப்-8 போன்ற என்கோடிங்கின் வேலை. சேமித்ததை எப்படி ஒப்பிடுவது என்பது கொலேஷனின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால், 'யூடிஎஃப்-8 தானே வைத்திருக்கிறேன், ஏன் வரிசை தப்பாக வருகிறது' என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. ஒரே யூடிஎஃப்-8 டேட்டாவைப் பல கொலேஷன்களில் பல வரிசையில் எடுக்கலாம்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. யூனிகோட் வகுத்த ஒப்பீட்டு முறை படிப்படியாக வேலை செய்கிறது. முதல் படியில் அடிப்படை எழுத்தை மட்டும் பார்க்கும். முழுச் சொல்லும் சமமாக இருந்தால்தான் இரண்டாம் படியில் எழுத்தின் மேலே கீழே வரும் குறிகளைப் பார்க்கும். அதுவும் சமம் என்றால் மூன்றாம் படியில் பெரியதா சின்னதா என்று பார்க்கும். ஆக, பெரிய எழுத்து சின்ன எழுத்தை அறவே பார்க்காமல் விடுவது ஒன்று, எல்லாம் சமமான பிறகு கடைசியாகப் பார்ப்பது இன்னொன்று. பட்டியலை அழகாகக் காட்ட இரண்டாவதே போதும். சொல்லப்போனால் அதுதான் நல்லது, ஏனென்றால் ஒரே பெயரின் இரண்டு வடிவங்களில் எது முதலில் என்பது எப்போதும் மாறாமல் இருக்கும்.

கொலேஷனை நான்கு மட்டத்தில் வைக்கலாம்: சர்வர், டேட்டாபேஸ், நெடுவரிசை, குவெரி. கீழே இருப்பது மேலே இருப்பதை வெல்லும். குவெரியில் வைப்பதென்றால் 'ஆர்டர் பை பெயர் கொலேட்' என்று எழுதி, பக்கத்தில் கொலேஷன் பெயரைப் போட வேண்டும். ஆரக்கிளில் மட்டும் அமைப்பு கொஞ்சம் வேறு, கீழே சொல்கிறேன்.

நான் எதுவுமே செய்யவில்லை, ஆனாலும் சரியாக வருகிறதே?

பெரும்பாலும் மைஎஸ்க்யூஎல் அல்லது எஸ்க்யூஎல் சர்வர் வைத்திருப்பீர்கள். மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் இயல்பான கொலேஷன் யூடிஎஃப்8எம்பி4 வகையைச் சேர்ந்தது, பெயரின் முடிவில் 'ஏஐ, சிஐ' என்று இருக்கும். சிஐ என்றால் பெரிய சின்ன வித்தியாசம் பார்க்காது, ஏஐ என்றால் எழுத்தின் மேல் போடும் குறிகளையும் பார்க்காது. அதற்கு முந்தைய பதிப்புகளில் லத்தீன்1 ஸ்வீடிஷ் சிஐ என்று இருந்தது. ஸ்வீடனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் விழித்ததுண்டு. மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கிய நிறுவனம் ஸ்வீடனுடையது, அவ்வளவுதான்.

எஸ்க்யூஎல் சர்வரிலும் அமெரிக்க ஆங்கில அமைப்பில் நிறுவினால் சிஐ, ஏஎஸ் என்று முடியும் கொலேஷன்தான் வரும். பெரிய சின்ன வித்தியாசம் இல்லை, மேற்குறி வித்தியாசம் உண்டு. வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால் சிஎஸ் என்று முடிவதை எடுக்க வேண்டும், பச்சை எண் வரிசை வேண்டுமென்றால் 'பின்2' என்று முடிவதை ('பின்' என்பது பைனரியின் சுருக்கம்).

மைஎஸ்க்யூஎல்தான் வைத்திருக்கிறேன், ஆனால் ஒரு நெடுவரிசை மட்டும் தப்பாக வருகிறது. ஏன்?

மூன்று காரணங்களைப் பாருங்கள். அந்த நெடுவரிசைக்கு யாரோ 'பின்' என்று முடியும் பைனரி கொலேஷன் கொடுத்திருக்கலாம். அல்லது அதன் வகை வார்பைனரியாகவோ ப்ளாப்பாகவோ இருக்கலாம். பைனரி வகை என்றால் அங்கே லோயர் போட்டாலும் பிழை வராது, பலனும் வராது, அப்படியே திருப்பித் தரும். முதலில் கன்வர்ட் செய்து எழுத்துச் சரமாக்கிய பிறகுதான் லோயர் வேலை செய்யும்.

மூன்றாவது காரணம் பலருக்குத் தோன்றாதது. மதிப்பை ஜேசன் நெடுவரிசையிலிருந்து உருவி எடுக்கிறீர்களா? மைஎஸ்க்யூஎல்லில் ஜேசனுக்குள் இருக்கும் சரங்களுக்கு எப்போதும் 'பின்' கொலேஷன்தான். டேபிளுக்கு என்ன கொலேஷன் வைத்திருந்தாலும் அது உள்ளே போகாது. அங்கே குவெரியிலேயே கொலேட் போட்டுக்கொள்வது நல்லது.

போஸ்ட்கிரெஸில் என் லேப்டாப்பில் ஒரு வரிசை, சர்வரில் வேறு வரிசை. எப்படி?

போஸ்ட்கிரெஸ் வழக்கமாக வரிசை விதியை இயங்குதளத்திடமிருந்து கடன் வாங்குகிறது. டேட்டாபேஸ் உருவாக்கும்போது லோகேல் (மொழி, நாடு அமைப்பு) அமெரிக்க ஆங்கிலம் யூடிஎஃப்-8 என்று இருந்தால், லினக்ஸின் ஜிலிப்ஸி நூலகத்தின் விதிப்படி பெரிய சின்ன வித்தியாசம் கடைசியில்தான் வரும். பட்டியல் நீங்கள் நினைத்தபடியே இருக்கும். லோகேல் 'சி' என்று இருந்தால் பச்சையாக பைட் வரிசை, ஸீப்ரா மேலே.

கன்டெய்னரில் ஓட்டுபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய இமேஜில் ஜிலிப்ஸி இருக்கிறது. ஆல்பைன் மேல் கட்டியதில் மஸ்ல் என்ற வேறு நூலகம், அது மொழிவாரி வரிசை எதையும் தருவதில்லை. லோகேல் பெயரை ஏற்றுக்கொள்ளும், ஆனால் பைட் வரிசையில்தான் கொடுக்கும். இமேஜ் சின்னதாக இருக்கிறதே என்று ஆல்பைனுக்கு மாறியவுடன் பட்டியல் தலைகீழானால் காரணம் இதுதான்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2018-இல் வந்த ஜிலிப்ஸி 2.28 தன் வரிசை விதிகளைப் பெருமளவு மாற்றியது. பழைய விதிப்படி கட்டிய இண்டெக்ஸை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை மட்டும் மேம்படுத்தியவர்களுக்கு, டேபிளில் இருக்கும் வரியே இல்லை என்று குவெரி சொன்னது. யுனிக் கட்டுப்பாட்டைத் தாண்டி இரட்டைப் பதிவுகளும் புகுந்தன. இயங்குதளத்தை மாற்றினால் எழுத்துச் சர இண்டெக்ஸ்களை ரீஇண்டெக்ஸ் செய்வது கட்டாயம்.

எனவே போஸ்ட்கிரெஸில் என் விருப்பம் ஐசியூ என்ற யூனிகோட் நூலகம். பதிப்பு 10 முதல் இருக்கிறது. இயங்குதளம் எதுவானாலும் ஐசியூ பதிப்பு ஒன்றாக இருக்கும்வரை வரிசையும் ஒன்றாகவே இருக்கும். குவெரியில் கொலேட் போட்டு ஐசியூ கொலேஷன் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்தால் போதும். மேற்கோள் விட்டுப்போனால் பிழை காட்டும்.

சிஐடெக்ஸ்ட் பயன்படுத்தலாமா?

போஸ்ட்கிரெஸின் நீட்சி அது. நெடுவரிசையின் வகையையே மாற்றிவிட்டால் ஒப்பிடும் ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் லோயர் போட்டுக்கொள்ளும். பழைய சிஸ்டத்தில் குவெரிகளைத் தொடாமல் சரிசெய்ய வேண்டுமென்றால் வசதிதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் போஸ்ட்கிரெஸ் ஆவணமே நான்-டிடர்மினிஸ்டிக் கொலேஷன்களைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அவை பதிப்பு 12-இல் வந்தவை. அவற்றில் பெரிய பீட்டாவும் சின்ன பீட்டாவும் உண்மையிலேயே சமம், வரிசைக்கு மட்டுமல்ல, தேடலுக்கும் யுனிக் கட்டுப்பாட்டுக்கும் கூட. வரிசை மட்டும் வேண்டும் என்பவர்கள் அதுவரை போக வேண்டியதில்லை, சாதாரண ஐசியூ கொலேஷனே போதும்.

எஸ்க்யூலைட்டில்?

ஆர்டர் பை பெயர் கொலேட் நோகேஸ். அவ்வளவுதான். டேபிள் உருவாக்கும்போதே நெடுவரிசைக்குப் பக்கத்தில் கொலேட் நோகேஸ் என்று எழுதிவிட்டால் பிறகு குவெரியில் எழுத வேண்டாம். உடன் வரும் கொலேஷன்கள் மொத்தம் மூன்று: பைனரி, நோகேஸ், ஆர்ட்ரிம். ஒரு குறை, நோகேஸுக்கு ஆஸ்கியின் 26 எழுத்துகள் மட்டுமே தெரியும். பிரெஞ்சு, ஜெர்மன், கிரேக்கம், ரஷ்ய எழுத்துகளில் பெரியது வேறு சின்னது வேறாகவே நிற்கும். லோயருக்கும் அதே எல்லைதான். ஐசியூ நீட்சியைச் சேர்த்துக்கட்டினால் அல்லது உங்கள் நிரலிலிருந்து சொந்தக் கொலேஷனைப் பதிவுசெய்தால் தீரும்.

ஆரக்கிளில்?

இயல்பில் பைனரி வரிசை. செஷன் முழுவதற்கும் மாற்ற ஆல்டர் செஷன் வழியாக என்எல்எஸ் சார்ட்டை பைனரி சிஐ ஆக்குங்கள். ஒரு குவெரிக்கு மட்டும் என்றால் ஆர்டர் பைக்குள் என்எல்எஸ்சார்ட் ஃபங்ஷன். தேடல் நிபந்தனை எழுதும் 'வேர்' பகுதியிலும் அதே விதி நடக்க வேண்டுமென்றால் என்எல்எஸ் காம்ப்பை லிங்க்விஸ்டிக் ஆக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, 'வரிசை சரியாக வருகிறது, தேடினால் கிடைக்கவில்லை' என்று கேட்பவர்கள் அதிகம். 12.2 பதிப்பிலிருந்து நெடுவரிசைக்கே கொலேஷன் வைக்கும் வசதியும் வந்துவிட்டது.

லோயர் போட்டதும் குவெரி மெதுவாகிவிட்டது. என்ன செய்வது?

பெயர் நெடுவரிசையில் இண்டெக்ஸ் இருக்கிறது, ஆனால் நீங்கள் கேட்பது பெயரின் வரிசையை அல்ல, லோயர்(பெயர்) என்பதன் வரிசையை. அந்த இண்டெக்ஸ் வேறு வரிசையில் அடுக்கியிருப்பதால் உதவாது. எல்லா வரிகளையும் படித்து, ஒவ்வொன்றுக்கும் லோயர் கணக்கிட்டு, மொத்தத்தையும் அடுக்கி, அப்புறம் உங்களுக்கு வேண்டிய முதல் இருபதைத் தரும். குவெரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பார்த்தால் சார்ட் என்ற ஒரு படி தனியாகத் தெரியும்.

லோயர்(பெயர்) மீதே இண்டெக்ஸ் கட்டினால் அந்தப் படி மறைந்துவிடும். போஸ்ட்கிரெஸிலும் ஆரக்கிளிலும் வெகுநாளாக இருக்கும் வசதி. எஸ்க்யூலைட்டில் 3.9 முதல், மைஎஸ்க்யூஎல்லில் 8.0.13 முதல். எஸ்க்யூஎல் சர்வரில் நேரடியாக முடியாது. கணக்கிட்ட நெடுவரிசை ஒன்றைச் சேர்த்து அதன்மேல் இண்டெக்ஸ் கட்ட வேண்டும்.

கொலேஷனுக்கும் இதே சட்டம்தான். இண்டெக்ஸ் கட்டிய கொலேஷனும் குவெரி கேட்கும் கொலேஷனும் ஒன்றாக இருந்தால்தான் வரிசைக்கு அந்த இண்டெக்ஸ் பயன்படும். எஸ்க்யூலைட்டில் இண்டெக்ஸ் சாதாரணமாகவும் குவெரி நோகேஸாகவும் இருப்பது நிறையப் பார்க்கக் கிடைக்கும் காட்சி. நெடுவரிசைக்கே கொலேஷன் வைத்துவிட்டால் இண்டெக்ஸும் குவெரியும் தானாக ஒத்துப்போகும். நெடுவரிசை மட்டத்தில் வையுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பக்கம் பக்கமாகக் காட்டும்போது ஒரே பெயர் இரண்டு பக்கத்திலும் வருகிறது, இன்னொன்று காணாமல் போகிறது. இதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. பெரிய பீட்டா, சின்ன பீட்டா, எல்லாம் பெரிய எழுத்திலான பீட்டா என மூன்று வரிகள் இருந்தால், லோயர் போட்ட பிறகு மூன்றும் சமம். சமமானவற்றுக்குள் எது முதலில் என்று நீங்கள் சொல்லவில்லை. டேட்டாபேஸ் ஒவ்வொரு முறையும் ஒரு மாதிரி தரலாம். பக்கத்தின் எல்லை சரியாக அந்த மூன்றுக்கு நடுவே விழுந்தால், முதல் பக்கத்தில் கடைசியாக வந்தது இரண்டாம் பக்கத்தில் முதலாக மறுபடி வரும். வர வேண்டிய ஒன்று எந்தப் பக்கத்திலும் வராது.

மருந்து எளிது. லோயர்(பெயர்) என்பதற்குப் பின் காற்புள்ளி போட்டு, அப்புறம் பெயர், அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக இருக்கும் ப்ரைமரி கீ. நெடுவரிசையே சிஐ கொலேஷனாக இருந்தால் நடுவில் பெயரைச் சேர்த்தும் பயன் இல்லை, அதற்கும் அவை சமமே. நேரே ப்ரைமரி கீ போடுங்கள்.

இத்தனை வரிகளைத் தாண்டு என்று சொல்லும் ஆஃப்செட் இல்லாமல், 'கடைசியாகப் பார்த்த பெயருக்கு அடுத்தது' என்று கேட்கும் முறையில் பக்கம் புரட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆர்டர் பையில் லோயர் போட்டுவிட்டு வேர் பகுதியில் வெறும் பெயரை ஒப்பிட்டால், எத்தனையோ வரிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி லோயர்(பெயர்) என்றே இருக்க வேண்டும்.

டிஸ்டிங்க்ட் அல்லது யூனியனோடு போட்டால் பிழை வருகிறதே?

டிஸ்டிங்க்ட் போட்ட பிறகு ரிசல்டில் இல்லாத ஒன்றைக் கொண்டு வரிசைப்படுத்த முடியாது. லோயர்(பெயர்) உங்கள் செலக்ட் பட்டியலில் இல்லை, ஆகவே போஸ்ட்கிரெஸ் மறுக்கிறது. யூனியனுக்குப் பின்னால் வரும் ஆர்டர் பையிலும் நெடுவரிசைப் பெயரைத்தான் ஏற்கும், ஃபங்ஷனை ஏற்காது. இரண்டுக்கும் ஒரே வழி: மொத்த குவெரியையும் அடைப்புக்குறிக்குள் போட்டு உள்குவெரியாக்கி, வெளியே ஒரு செலக்ட் எழுதி, அங்கே லோயர் போடுங்கள்.

போஸ்ட்கிரெஸில் இன்னொரு சறுக்கல். செலக்டில் புதுப்பெயர் வைத்த நெடுவரிசையை ஆர்டர் பையில் அப்படியே சொல்லலாம், ஆனால் ஃபங்ஷனுக்குள் வைத்துச் சொல்ல முடியாது. அந்தப் பெயரை டேபிளில் தேடிவிட்டு, இல்லை என்று சொல்லும். இதற்கும் உள்குவெரிதான்.

கொலேஷன் மாற்றினால் வரிசை மட்டும்தான் மாறுமா?

இல்லை. இதை யோசிக்காமல் யாரும் நெடுவரிசையின் கொலேஷனை மாற்றக் கூடாது. சிஐ கொலேஷனில் பெரிய பீட்டாவும் சின்ன பீட்டாவும் சமம் என்றால், யுனிக் இண்டெக்ஸ் இரண்டில் ஒன்றை மறுக்கும். குரூப் பை இரண்டையும் ஒரே குழுவாக்கும். டிஸ்டிங்க்ட் ஒன்றை மட்டும் காட்டும். ஜாயினில் பொருந்தாமல் இருந்தவை பொருந்த ஆரம்பிக்கும். பயனர் பெயருக்கும் மின்னஞ்சலுக்கும் பெரும்பாலும் நாம் விரும்புவதே அதுதான். பெரிய சின்ன எழுத்து வித்தியாசத்தால் அர்த்தம் மாறும் குறியீடுகள், டோக்கன்கள், சுருக்கிய இணைப்புகள் போன்றவற்றுக்கு அது விபரீதம்.

என் கணக்கு இப்படி: மனிதர் படிக்கும் பெயர், தலைப்பு போன்றவற்றுக்கு மொழியறிந்த கொலேஷன். இயந்திரம் ஒப்பிடும் குறியீடுகளுக்கு பைனரி. இரண்டையும் ஒரே டேட்டாபேஸில் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வைப்பதில் தவறே இல்லை.

ஆனால் வெவ்வேறு கொலேஷன் உள்ள இரண்டு நெடுவரிசைகளை ஒப்பிட்டால் மைஎஸ்க்யூஎல்லும் எஸ்க்யூஎல் சர்வரும் கொலேஷன் முரண் என்று நின்றுவிடக்கூடும். எஸ்க்யூஎல் சர்வரில் தற்காலிக டேபிள்களோடு ஜாயின் செய்யும்போது இது அடிக்கடி வரும், ஏனென்றால் அவை டெம்ப்டிபி என்ற வேறு டேட்டாபேஸில் இருக்கின்றன, அதன் கொலேஷன் சர்வருடையது. ஒப்பிடும் இடத்தில் கொலேட் டேட்டாபேஸ் டிஃபால்ட் என்று சேர்த்தால் போகும்.

ஆங்கிலம் தவிர்த்த மொழிகளில் லோயர் சரியாக வேலை செய்யுமா?

எப்போதும் இல்லை. துருக்கிய மொழியில் ஐ எழுத்து இரண்டு, புள்ளி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனியே பெரிய வடிவமும் சின்ன வடிவமும் உண்டு. ஆங்கிலத்தில் ஜோடியாக இருக்கும் பெரிய ஐ-யும் சின்ன ஐ-யும் துருக்கிய விதிப்படி ஜோடியே இல்லை. ஜெர்மன் மொழியின் கூர்மையான எஸ்ஸைப் பெரிய எழுத்தாக்கினால் வழக்கமாக இரண்டு எஸ் ஆகிவிடும். மறுபடி சின்னதாக்கினால் பழைய எழுத்து திரும்பி வராது. அதன் பெரிய வடிவம் யூனிகோடில் 2008-இல்தான் சேர்ந்தது, ஜெர்மன் எழுத்து விதிகளில் 2017-இல் இடம்பிடித்தது.

போஸ்ட்கிரெஸில் லோகேல் 'சி' என்றால் லோயரும் ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே மாற்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். பன்மொழிப் பட்டியலுக்கு லோயர் ஒட்டுப்போடும் வேலைதான்.

பட்டியலில் தமிழும் கலந்திருந்தால்?

தமிழ் எழுத்தில் பெரியது சின்னது கிடையாது, ஆகவே லோயர் அதைத் தொடாது. தமிழுக்கு வேறு சிக்கல் இருக்கிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகளின் எண் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை அல்ல. எண்படி ந-வுக்கு அடுத்து ன, அப்புறம்தான் ப. ர-வுக்கு அடுத்து ற. ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே ஜ. நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி, கிரந்த எழுத்துகள் அவற்றுக்கும் பின்னால். புள்ளியும் தொல்லை தரும். அதன் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பிந்தியதாதலால், பைட் வரிசையில் க் என்பது கௌ-வுக்கும் பின்னால் போய்விடுகிறது. ஐசியூவின் தமிழ்க் கொலேஷன் மெய்யை முன்னால் வைத்து அகராதி முறைப்படி தரும். ஒரே கொலேஷன் ஆங்கிலத்தின் பெரிய சின்ன எழுத்தையும் கவனித்துக்கொள்ளும், தமிழையும் கவனித்துக்கொள்ளும். லோயரால் இது நடக்காது.

மாங்கோடிபியில்?

இயல்பில் பைனரி ஒப்பீடு. பதிப்பு 3.4 முதல் கொலேஷன் உண்டு. லோகேலைக் கொடுத்து ஸ்ட்ரெங்த்தை 2 என்று வைத்தால் பெரிய சின்ன வித்தியாசம் போகும், 1 என்று வைத்தால் மேற்குறி வித்தியாசமும் சேர்ந்து போகும். இண்டெக்ஸும் அதே கொலேஷனோடு கட்டியிருக்க வேண்டும்.

டேட்டாபேஸை விட்டுவிட்டு அப்ளிகேஷனில் வரிசைப்படுத்தினால் என்ன?

முழுப் பட்டியலும் கையில் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஒரு பக்கத்துக்கான இருபது வரிகளை மட்டும் வாங்கி அவற்றை அடுக்கினால், தப்பான இருபதைச் சரியாக அடுக்கியதாகத்தான் அமையும்.

ஜாவாஸ்கிரிப்டின் சார்ட்டும் இயல்பில் எண் வரிசைதான், ஆகவே அங்கேயும் ஸீப்ரா மேலே வரும். இன்ட்ல் கொலேட்டரைக் கொடுங்கள். பைத்தானில் கீ என்ற இடத்தில் கேஸ்ஃபோல்ட் கொடுக்கலாம். அது லோயரைவிடக் கண்டிப்பானது, ஜெர்மன் எஸ்ஸையும் சமாளிக்கும்.

காலி மதிப்புகள் ஒரு டேட்டாபேஸில் மேலே, இன்னொன்றில் கீழே வருகின்றனவே?

அது எழுத்து விஷயமே இல்லை. ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் 'நல்' எனப்படும் காலி மதிப்பைக் கடைசியில் வைக்கும். மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், எஸ்க்யூஎல் சர்வர் முதலில் வைக்கும். நல்ஸ் லாஸ்ட் என்று எழுத இடம் தரும் டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். லோயர் போட்டும் சில பெயர்கள் மட்டும் மேலே நின்றால், முன்னால் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தைச் சந்தேகியுங்கள். ட்ரிம் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

10 என்று முடியும் பெயர் 2 என்று முடிவதற்கு முன்னால் வருகிறது. இதற்கும் கொலேஷனா?

பெரும்பாலான டேட்டாபேஸில் எண்ணைத் தனி நெடுவரிசையாகப் பிரித்து வைப்பதுதான் நேர்வழி. ஐசியூ கொலேஷன்களில் இலக்கங்களை எண்ணாகவே ஒப்பிடச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, போஸ்ட்கிரெஸிலும் அதைக் கேட்டு ஒரு கொலேஷன் உருவாக்கிக்கொள்ளலாம்.

ஓஆர்எம் வழியாக எழுதுகிறேன். எங்கே போடுவது?

ஓஆர்எம் என்பது நிரலிலிருந்து குவெரியை எழுதித் தரும் நூலகம். ஜாங்கோவில் ஆர்டர் பைக்குள் லோயர் ஃபங்ஷனை நேரடியாகக் கொடுக்கலாம், லாராவெல்லில் ஆர்டர்பைரா. நெடுவரிசைக்கே கொலேஷன் வைத்திருந்தால் இவை எதுவும் வேண்டாம், வெறும் பெயரைச் சொன்னால் போதும்.

பச்சை எஸ்க்யூஎல் எழுதும் வழிகளில் ஒரு எச்சரிக்கை. எந்த நெடுவரிசையில் வரிசைப்படுத்துவது என்பதைப் பயனர் திரையில் தேர்ந்தெடுக்கிறார் என்றால், அவர் அனுப்பும் சொல்லை அப்படியே ஆர்டர் பைக்குள் ஒட்டாதீர்கள். குவெரியில் கேள்விக்குறி போட்டு மதிப்பைத் தனியே அனுப்பும் பாதுகாப்பு முறை நெடுவரிசைப் பெயருக்குப் பலிக்காது. அனுமதித்த பெயர்களின் பட்டியலை நிரலில் வைத்துக்கொண்டு, வந்த சொல் அதில் இருந்தால் மட்டும் குவெரியில் சேருங்கள். ஏறுவரிசை, இறங்குவரிசை என்ற தேர்வுக்கும் அப்படியே.